எரியும் வீடும் பொதுக் கடமையும்

நள்ளிரவில் இலண்டன் மாநகரின் வீடொன்றில் தீப்பற்றுகிறது. அயலவர் ஒருவர் 999 என்ற எண்ணை அழைக்கிறார். சில நிமிடங்களில் சிவப்பு வண்டி வாசலில் வந்து நிற்கிறது. வீட்டுக்காரர் செல்வரா, வறியவரா, அவர் தம் வீட்டைக் காப்புறுதி செய்திருக்கிறாரா, எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று எவரும் கேட்பதில்லை. இதனை நாம் இயல்பான ஒழுங்கென்றே எண்ணிவிடுகிறோம். ஆனால் இக்கேள்விகள் கேட்கப்படாத நிலை தானாகத் தோன்றியதன்று. அதன் பின்னே முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது; அவ்வரலாற்றில் பலர் வெந்து மடிந்திருக்கின்றனர்.

வண்டியிலிருந்து இறங்குவோர் கண்டபடி நீரைப் பாய்ச்சுவதில்லை. அணித்தலைவர் முதலில் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். புகை எந்தச் சாளரத்தால் வெளிவருகிறது, அதன் நிறம் என்ன, உள்ளே எவரேனும் அகப்பட்டிருக்கின்றனரா, எரிவாயுவையும் மின்சாரத்தையும் எங்கே துண்டிக்கலாம் என்பனவே அவருடைய முதற் கேள்விகள். வண்டி சுமந்துவரும் நீர் பொதுவாக 1,800 லீற்றர் அளவினது. அது சில நிமிடங்களுக்கே போதும். ஆகவே ஒருவர் தெருவிலுள்ள நீர்க்குழாய் வாயைத் தேடி ஓடுகிறார். இருவர் சுவாசக் கருவி அணிகின்றனர். தம் பெயரும் உருளையிலுள்ள காற்றின் அமுக்கமும் குறிக்கப்பட்ட வில்லைகளை வாசலில் நிற்கும் தோழரிடம் ஒப்படைத்துவிட்டு, நீர் நிறைந்த குழாயுடன் அவர்கள் உள்ளே புகுகின்றனர்.

எரியும் அறையில் மனிதனைக் கொல்வது பெரும்பாலும் சுவாலையன்று, புகையே. வெப்பமான புகை மேலெழுந்து கூரையின் கீழ் அடுக்காகப் படிகிறது. தரையை ஒட்டியே சிறிது நல்ல காற்று எஞ்சியிருக்கும். அப்புகையே ஓர் எரிபொருள். கூரையடியில் வெப்பம் ஏறத்தாழ 600 பாகை செல்சியசை எட்டும்போது அறையிலுள்ள அனைத்தும் ஒரே கணத்தில் தீப்பற்றும். காற்றில்லாமல் புழுங்கிக் கிடக்கும் அறையின் கதவைத் திடீரெனத் திறந்தாலோ, உள்ளே பாயும் காற்றோடு புகை கலந்து வெடிப்பைப் போலச் சீறும். ஆதலால் உள்ளே செல்வோர் கதவைச் சிறிதளவே திறந்து, மேலே படிந்த புகையினுள் குறுகிய வீச்சுகளாக நீர்த்துளிகளைத் தெளித்து அதனைக் குளிரச் செய்கின்றனர். நீரை மிதமிஞ்சிப் பாய்ச்சினால் அது நீராவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, உள்ளிருப்போரையும் பாய்ச்சியவரையும் ஒருசேர அவித்துவிடும். இருவரும் தாழ்ந்து, சுவரைத் தடவியபடி, கட்டில்களின் கீழும் கதவுகளின் பின்னும் தேடிச் செல்கின்றனர். குழந்தைகள் அச்சத்தால் ஒளிந்துகொள்ளும் இடங்கள் அவையே.

தாழ்ந்து செல்லுதல், இருவராகச் செல்லுதல், தீயின் மூலத்தையே தாக்குதல், வாசலில் வில்லை வைத்தல் ஆகிய இச்செயல்கள் ஒவ்வொன்றும் வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்தில் கற்றுக்கொள்ளப்பட்டவை. அவற்றை யார் கற்றனர், என்ன விலை கொடுத்துக் கற்றனர் என்பதே நாம் இங்கு நோக்க வேண்டிய விடயம்.

1666 செப்டெம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் இலண்டனின் புடிங் ஒழுங்கையிலிருந்த வெதுப்பகமொன்றில் தீ மூண்டது. அன்று நகரில் இருந்தவை தோல் வாளிகளும், கையால் பீச்சும் குழல்களும், வீடுகளை இழுத்துச் சாய்க்கும் நீண்ட கொக்கிகளுமே. பயிற்சி பெற்ற ஆட்கள் எவருமில்லை. தீயின் பாதையிலுள்ள வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்குவதே அக்காலத்தவர் அறிந்த பயனுள்ள வழி. ஆனால் இடித்த வீடுகளுக்கு ஈடு கொடுப்பது யார் என்ற கேள்வி நகரபிதாவைத் தயங்கச் செய்தது. உடைமையின் புனிதத்துக்கு அஞ்சி அவர் தயங்கிய வேளையில் தீ தயங்கவில்லை. ஏறத்தாழ 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. அழிவுக்குப் பின் ஆள்வோர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, குற்றத்தைச் சுமத்த ஓர் அந்நியனைத் தேடியமை. ரொபேட் ஹியூபேட் என்ற பிரெஞ்சுக்காரர் தாமே தீவைத்ததாகக் கூறியதை ஏற்று அவரைத் தூக்கிலிட்டனர். தீ தொடங்கியபோது அவர் இலண்டனிலேயே இருக்கவில்லை என்பது பின்னர் தெரியவந்தது.

எனினும் அத்தீயிலிருந்து ஒரு நல்ல பாடமும் பிறந்தது. 1667ஆம் ஆண்டின் மீள்கட்டுமானச் சட்டம், புதிய வீடுகளின் புறச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ ஆக வேண்டுமெனப் பணித்தது. தீயணைத்தல் தீ மூண்டபின் தொடங்குவதன்று. வீடு கட்டப்படும்போதே தொடங்குகிறது என்பதைச் சட்டம் முதன்முறையாக உறுதியாகச் சொல்லிற்று. இப்பாடத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். கட்டுரையின் முடிவில் நாம் இதற்கே திரும்பி வருவோம்.

இனி வணிகன் வருகிறான். சாம்பலான நகரத்தில் வீடு கட்டி விற்றுப் பொருளீட்டிய நிக்கலஸ் பார்போன் 1680ஆம் ஆண்டளவில் தீக் காப்புறுதி நிலையமொன்றைத் தொடங்கினார். விரைவில் வேறு கம்பனிகளும் தோன்றின. கம்பனிக்குப் பணம் செலுத்தியவரின் வீட்டுச் சுவரிலே ஈயத்தாலான சின்னத் தகடொன்று பதிக்கப்பட்டது. கம்பனிகள் தம் இழப்பைக் குறைக்கும் பொருட்டுத் தத்தம் தீயணைப்பு ஆட்களையும் அமர்த்தின. தகடில்லாத வீட்டை எரியவிட்டு அவர்கள் கைகட்டி நின்றனர் என்ற கதை பரவலாக வழங்குகிறது. அதற்குச் சான்று மிக அரிதென வரலாற்றாசிரியர் கூறுவர். அயல்வீட்டுத் தீ காப்புறுதி செய்த வீட்டுக்கும் தாவுமாதலால் அதனை அணைப்பதும் கம்பனிக்கு ஆதாயமே. ஆயினும் எந்த நோக்கத்துக்காக அந்த ஆட்கள் சம்பளம் பெற்றனர் என்பதில் ஐயமில்லை. கம்பனியின் கணக்குப் புத்தகத்துக்காகவே அவர்கள் தீயை அணைத்தனர்.

காப்புறுதி செய்ய இயலாத ஏழைகளுக்கு எஞ்சியது திருச்சபை வட்டாரத்தின் நீரிறைக்கும் யந்திரம். 1708இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒவ்வொரு வட்டாரமும் அத்தகைய யந்திரங்களை வைத்திருக்க வேண்டுமென விதித்தது. முதலில் வந்து சேரும் யந்திரத்துக்கு 30 சிலிங்கும், இரண்டாவதற்கு 20 சிலிங்கும், மூன்றாவதற்கு 10 சிலிங்கும் பரிசளித்தது. ஏட்டில் இனிதாக இருந்த இவ்வேற்பாடு நடைமுறையில் சீர்கெட்டது. பேணுவாரின்றி யந்திரங்கள் பல துருவேறிக் கிடந்தன.

கருவி முன்னேறியது வேறொரு நாட்டில். ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரத்தில் ஓவியர் யான் வான் டெர் ஹெய்டென் தம் சகோதரரோடு சேர்ந்து 1672ஆம் ஆண்டளவில் தோலால் நீர்க்குழாய் செய்தார். அதுவரை யந்திரத்திலிருந்து தெருவில் நின்றே நீரை எறிய முடிந்தது. பெரும்பகுதி சுவரில் மோதி வீணாயிற்று. வளைந்து செல்லும் குழாய் வந்தபின் மனிதன் நீரைக் கையிற் பற்றியபடி வாசலைத் தாண்டி, படியேறி, தீயின் மூலத்தை அடையலாயிற்று. ஆனால் கருவி மட்டும் உள்ளே செல்லாது. அதை ஏந்திச் செல்லத் துணிவும் பயிற்சியும் உள்ள மனிதர் வேண்டும்.

அம்மனிதரை முறையாக உருவாக்கியவர் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெயிட்வுட். 1824இல் அந்நகரத் தீயணைப்புப் படைக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. அவர் பிரபுக்களின் பிள்ளைகளைத் தேடவில்லை. கொத்தர், தச்சர், கூரை வேய்வோர், குழாய் பொருத்துவோர், கொல்லர் ஆகியோரையே தெரிந்தெடுத்தார். வீட்டைக் கட்டியவனுக்கே அது எங்கே இடிந்து விழும் என்பது தெரியும் என்ற எளிய உண்மையை அவர் உணர்ந்திருந்தார். உள்ளே நுழைந்து எரியும் பொருளின் மீதே நீர் படச்செய்ய வேண்டும், தரையோடு தாழ்ந்து செல்ல வேண்டும், ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் தூக்கும்படி எவரும் தனித்துச் செல்லலாகாது என்பன அவர் வகுத்த விதிகள். 1830இல் இவற்றை நூலாகவும் எழுதி வெளியிட்டார். இன்றைய தீயணைப்பாளன் எரியும் அறையில் தவழும்போது, எடின்பரோக் கொத்தர்களும் தச்சர்களும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பழகிய முறையிலேயே தவழ்கிறான் எனலாம்.

1833இல் இலண்டனின் பத்துக் காப்புறுதிக் கம்பனிகள் தம் ஆட்களை ஒன்றுதிரட்டி, 80 பேரும் 13 நிலையங்களும் கொண்ட ஒரே படையாக்கி, பிரெயிட்வுட்டை அதற்குத் தலைவராக்கின. உலகின் மிகப் பெரிய நகரமாக வளர்ந்துகொண்டிருந்த இலண்டனுக்கு எண்பது பேர்! பெரிய யந்திரங்களின் கைப்பிடியை அழுத்தத் தெருவில் நின்ற ஏழைகள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். முதல் மணித்தியாலத்துக்கு ஒரு சிலிங், பின்னர் மணிக்கு ஆறு பென்சு, அத்தோடு பியர். நீரும் தனியார் கம்பனிகளின் உடைமையாகவே இருந்தது. வீடு எரியும்போது கம்பனியின் மடைதிறப்போன் வந்து குழாயைத் திறக்கும்வரை காத்திருக்க நேர்ந்ததும் உண்டு.

இவற்றினும் நம் சிந்தைக்குரியது வேறொன்று. அந்தப் படையின் கடமை உடைமையைக் காப்பது, உயிரைக் காப்பதன்று. தீயணைப்பாளர் தம் மனித உணர்ச்சியால் எண்ணற்றோரை மீட்டனர் என்பது உண்மையே. ஆனால் அதற்காக அவர்கள் அமர்த்தப்படவில்லை. உயர்ந்த மாடிகளில் அகப்பட்டோரை இறக்கச் சில்லுப் பூட்டிய ஏணிகளை இரவில் தெருக்களில் நிறுத்திவைத்தது, 1836இல் தொடங்கி நன்கொடையால் இயங்கிய ஓர் அறச்சங்கம். உடைமைக்குச் சம்பளம் பெறும் காவல், உயிருக்குத் தருமம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதலாளித்துவம் தன் இயல்பை இதனினும் தெளிவாக எங்கும் எழுதிவைத்ததில்லை.

1861 ஜூன் 22ஆம் நாள் தேம்சு நதிக்கரையிலுள்ள டூலி வீதியில் பண்டகசாலைகள் தீப்பற்றின. களத்தில் நின்ற பிரெயிட்வுட்டின் மேல் சுவரொன்று சரிந்து வீழ்ந்தது. அவர் அவ்விடத்திலேயே மாண்டார். தீ முற்றாக அடங்க இரு வாரங்கள் சென்றன. இழப்பு ஏறத்தாழ 20 இலட்சம் பவுண். கணக்கைப் பார்த்துத் திகைத்த கம்பனிகள், இனி இச்சுமையைத் தம்மால் தாங்கவியலாது, அரசாங்கமே ஏற்கவேண்டுமென்றன. இவ்வாறு 1865இல் சட்டம் இயற்றப்பட்டு, 1866 ஜனவரி 1ஆம் நாள் இலண்டனின் பொதுத் தீயணைப்புப் படை தோன்றியது. மக்கள் பவுணுக்கு அரைப் பென்சு வரி செலுத்தினர். அரசாங்கம் ஆண்டுக்கு 10,000 பவுண் வழங்கியது. கம்பனிகளோ தாம் காப்புறுதி செய்த ஒவ்வொரு பத்து இலட்சம் பவுணுக்கும் 35 பவுண் மாத்திரம் கொடுத்தன. இலாபம் கிடைத்தவரை அது தனியார் தொழில். இழப்பு வந்ததும் பொதுப்பணி. ஆயினும் காரணம் எதுவாயினும் பலன் பெரிது. உயிர்காத்தல் சட்டபூர்வமான பொதுக் கடமையாயிற்று; 1867இல் அறச்சங்கத்தின் ஏணிகளும் பொதுப்படையின் பொறுப்பில் வந்தன.

வீடு பொதுக் காவலைப் பெற்றபோதும் காவலாளி விடுதலை பெறவில்லை. தீயணைப்பாளர் நிலையத்திலேயே குடும்பத்தோடு வாழ்ந்து, அரிதாகக் கிடைத்த விடுப்பு நாள் நீங்கலாக இரவும் பகலும் கடமையில் இருந்தனர். பத்திரிகைகள் அவர்களை வீரர் எனப் புகழ்ந்தன. புகழ்ச்சி வயிற்றை நிரப்பவில்லை. அவர்கள் சங்கமமைத்துப் போராடிய பின்னரே, 1920இல் இலண்டனில் இரண்டு அணிகள் மாறிமாறிக் கடமைபுரியும் முறை வந்தது. தம் வீட்டில் உறங்கும் உரிமையைப் பெறுவதற்கே பிறர் வீடுகளைக் காத்தவர்கள் போராட வேண்டியிருந்தது.

அழைப்பு எண்ணின் கதையும் அறியத்தக்கது. 1935 நவம்பரில் இலண்டன் விம்போல் வீதியில் மருத்துவர் ஒருவரின் வீடு எரிந்து ஐந்து பெண்கள் மாண்டனர். எதிர்வீட்டுக்காரர் தொலைபேசியில் படையை அழைக்க முயன்றபோது, ஏனைய சாதாரண அழைப்புகளோடு அவருடைய அழைப்பும் வரிசையில் காத்துக் கிடந்தது. அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் பெரும் வாதத்தை எழுப்பியது. 1937 ஜூன் 30ஆம் நாள் 999 என்ற எண் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் தீயணைப்பை நாடெங்குமுள்ள உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது.

பின்னர் யுத்தம் வந்தது. துணைப்படையிற் சேர்ந்த ஆண்களுக்கு வாரம் 3 பவுண், பெண்களுக்கு 2 பவுண். குண்டுகள் விழாத மாதங்களில் படைச்சேவைக்கு அஞ்சி ஒளிந்தவர்கள் என ஏசப்பட்ட அவர்களே, 1940 செப்டெம்பரில் தொடங்கிய இரவுகளில் எரியும் வீடுகளுக்குள் புகுந்தனர். உதவிக்கு வந்த அயலூர்ப் படைகளின் குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போனமை அக்காலத்தின் கசப்பான அனுபவம். ஊருக்கொரு படை, படைக்கொரு பூட்டு! 1941இல் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட படைகள் ஒரே தேசியப்படையாக இணைக்கப்பட்டன. பிரிந்து நின்றால் எரிவோம், இணைந்து நின்றால் அணைப்போம் என்பதை அவ்விரவுகள் கற்பித்தன.

வாசலில் வைக்கப்படும் வில்லைக்கும் ஒரு கதை உண்டு. 1958 ஜனவரியில் இலண்டன் சிமித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் நிலவறைத் தீயில் கிளார்க்கன்வெல் நிலையத்தைச் சேர்ந்த இருவர் மூச்சடைத்து மாண்டனர். யார் உள்ளே இருக்கின்றனர், அவர்களிடம் எவ்வளவு காற்று எஞ்சியிருக்கிறது என்பதை வெளியே நின்றோர் உறுதியாக அறிய வழியிருக்கவில்லை. அம்மரணங்களின் பின்னரே வில்லையும் பலகையும் கொண்ட கண்காணிப்பு முறை நாடெங்கும் நிலைபெற்றது. 1996 பெப்ரவரி 1ஆம் நாள் வேல்சின் பிளைனா என்ற சிற்றூரில் எரியும் வீடொன்றுள் குழந்தையைத் தேடிச் சென்ற பகுதிநேரத் தீயணைப்பாளர் இருவர், திடீரெனச் சீறிய புகைத்தீயில் உயிரிழந்தனர். புகையைக் குளிர்விக்கும் முறை 1980களிலேயே சுவீடனில் வளர்ந்திருந்தது. பிரித்தானியாவில் அப்பயிற்சி பரவலாக அளிக்கப்பட்டது பிளைனாவுக்குப் பின்னரே. ஆகவே தீயணைப்பாளரின் கைந்நூலில் உள்ள விதிகள் மையினால் மட்டும் எழுதப்பட்டவையல்ல என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இத்தனை பாடங்களையும் கற்ற நகரத்தில் 2017 ஜூன் 14ஆம் நாள் என்ன நிகழ்ந்தது? வட கென்சிங்டன் பகுதியில் உழைப்பாளரும் குடியேறியோரும் பெருமளவில் வாழ்ந்த 24 மாடிகளைக் கொண்ட கிறென்ஃபெல் தொடர்மாடியின் நான்காம் மாடிச் சமையலறையில் குளிரூட்டிப் பெட்டியொன்று தீப்பற்றியது. அதிகாலை 12.54க்கு அழைப்பு, ஐந்து நிமிடங்களில் படை வந்தது. அவர்கள் முறைப்படி உள்ளே சென்று சமையலறைத் தீயை அணைத்தனர். ஆனால் தீ அதற்குமுன்பே சாளரத்தால் வெளியேறிக் கட்டடத்தின் போர்வையைப் பற்றியிருந்தது. அண்மையில் நடந்த திருத்த வேலையில், அலுமினியத் தகடுகளின் இடையே பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கை வைத்த பலகைகளால் கட்டடம் முழுவதும் போர்த்தப்பட்டிருந்தது. துத்தநாகப் பலகைக்குப் பதிலாக அதனைத் தெரிந்ததால் மிச்சமான தொகை ஏறத்தாழ 293,000 பவுண். அரைமணி நேரத்துக்குள் சுவாலை உச்சியைத் தொட்டது. 72 உயிர்கள் பலியாயின.

தீயணைப்புத் தலைமையின் பிழையையும் நாம் மறைக்கப் போவதில்லை. தத்தம் வீட்டினுள்ளேயே இருங்கள் என்ற பழைய அறிவுரை 2.47 மணிவரை கைவிடப்படவில்லை. அத்தகைய கட்டடத்தீக்கு அதிகாரிகள் பயிற்றப்பட்டிருக்கவில்லை என்று விசாரணைக்குழு 2019இல் கண்டித்தது. அவ்வறிவுரையோ ஒவ்வொரு வீடும் தீயை அடக்கும் பெட்டி என்ற நம்பிக்கையில் எழுந்தது. அப்பெட்டியை உடைத்தவர்கள் வேறிடத்தில் இருந்தனர். 2024 செப்டெம்பரில் வெளிவந்த இறுதியறிக்கை, அரசாங்கத்தின் பல்லாண்டு கால அசட்டையையும் பலகை உற்பத்தியாளரின் திட்டமிட்ட நேர்மையீனத்தையும் அம்பலப்படுத்தி, ஒவ்வொரு மரணமும் தவிர்க்கக்கூடியதே எனக் கூறியது. குடியிருப்பாளரின் குழுவொன்று 2016 நவம்பரிலேயே பேரழிவு வருமென எழுத்தில் எச்சரித்திருந்தது. ஏழையின் எச்சரிக்கை கோப்புகளை எட்டவில்லை. கிறென்ஃபெலுக்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 2014 ஜனவரியில், செலவுக் குறைப்பின் பெயரால் இலண்டனில் பத்துத் தீயணைப்பு நிலையங்கள் ஒரே நாளில் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று, சிமித்ஃபீல்ட் நிலவறையில் இருவரைப் பலிகொடுத்த அதே கிளார்க்கன்வெல்.

1667இல் மரச்சுவரை விலக்கிய நகரம், சரியாக 350 ஆண்டுகளின் பின் தன் ஏழைகளின் வீட்டை எரிபொருளால் போர்த்தியிருந்தது. இதுவே நாம் மனத்தில் இருத்தக் கேட்ட பாடம். அறிவு மறந்துபோனதன்று. செங்கல்லும் கருங்கல்லும் ஏன் வேண்டும் என்பது அறியாதவர் எவருமிலர். இலாபம் விதியைத் தளர்த்தியது. அதிகாரம் கண்ணை மூடிக்கொண்டது.

மாணவருக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் மன்னரின் பட்டாபிஷேக ஆண்டுகளோடு இந்த ஆண்டுகளையும் சொல்லிக்கொடுத்தல் நன்று. எரியும் வீட்டின் வாசலில் வில்லையை ஒப்படைத்துவிட்டுத் தவழ்ந்து செல்லும் இருவரும் தம் பணியைச் செய்வர்; அதில் ஐயமில்லை. அவர்கள் உள்ளே செல்லுமுன் முடிந்துவிடவேண்டிய பணியொன்று உண்டு. சுவர் எதனால் ஆனது, நீர் யாருடையது, நிலையம் திறந்திருக்கிறதா, குடியிருப்போரின் சொல் கேட்கப்பட்டதா என்று உரத்த குரலிற் கேட்பதே அது. அப்பணி சமுதாயத்தின் பணி. அதாவது நம்முடைய பணி.